‘டைம் அமோக்’ அத்தியாயம்: படிப்பகத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட சந்தேகங்களும் விடைகளும்

விளவங்கோடு வட்டத்தில் உள்ள எங்கள் ஊர்ப் படிப்பகத்தில், ஞாயிறு மாலைதோறும் ‘ஸ்டார் ட்ரெக்: ப்ராடிஜி’ என்னும் விண்வெளிச் சாகச அசைபடத் தொடரை வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்ற கணக்கில் பார்த்து வருகிறோம். ஆங்கில உரையாடலை இடையிடையே நிறுத்தித் தமிழில் விளக்கிச் சொல்வது என் பொறுப்பு. சென்ற ஞாயிறு பார்த்தது ‘டைம் அமோக்’ என்னும் எட்டாவது அத்தியாயம். உலகம் அதை 2022 ஜனவரியிலேயே பார்த்துவிட்டது என்றாலும், எங்கள் பிள்ளைகளுக்கு அது புத்தம் புதியது. அன்று திரையை அணைத்த நேரத்தில் தொடங்கிய கேள்விகள் பேருந்து நிறுத்தத்திலும் பலசரக்குக் கடையிலும் கோயில் வாசலிலும் ஒரு வாரமாக என்னைத் தேடி வந்துகொண்டிருக்கின்றன. ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேர் கேட்டதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, விடைகளையும் தொகுத்திருக்கிறேன். எட்டாவது அத்தியாயத்துக்குப் பிறகு நடப்பவற்றைக் கூடியவரை சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

அக்கா, நான் இதுவரைக்கும் ஒண்ணும் பாக்கல. எட்டாவதில இருந்து பாத்தா மனசிலாவுமா?

புரியும், ஆனால் முதல் அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு வந்தால் நன்றாகப் புரியும். டார்ஸ் லமோரா என்னும் சுரங்கச் சிறையில் அடைபட்டிருந்த சில இளையவர்கள், அங்கே மண்ணுக்குள் புதைந்து கிடந்த ப்ரோடோஸ்டார் என்னும் விண்கப்பலைக் கண்டெடுத்துத் தப்புகிறார்கள். தன்னைத் தானே தலைவனாக அறிவித்துக்கொண்ட டால், எந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஜாங்கம் போக், உருவம் இல்லாததால் ஒரு கவசக் கூட்டுக்குள் வாழும் ஸீரோ, பாறை உடல் கொண்ட ராக்-டாக், கூழ் போன்ற உடலுடைய மர்ஃப் ஆகியோர் அவர்கள். சிறையின் அதிபதியான டிவைனரின் மகள் குவின், முதலில் பிணையாளாக வந்து பிறகு அவர்களில் ஒருத்தி ஆகிறாள். கப்பலில் ஏற்கெனவே இருந்த, கணினி காட்டும் ஒளியுருவான (ஹோலோகிராம்) ஜேன்வே அவர்களுக்கு வழிகாட்டுகிறார்.

எட்டாவது அத்தியாயத்துக்கு இவ்வளவு போதும். டிவைனர் கப்பலைத் திரும்பப் பெறத் துடிக்கிறார் என்பதையும், ட்ரெட்னாக் என்னும் எந்திர அடியாள் அவரிடம் இருக்கிறான் என்பதையும் மட்டும் கூடுதலாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஸ்டார் ட்ரெக் எல்லாம் பாத்திருக்கணுமா?

தேவையில்லை. ஸ்டார் ட்ரெக் 1966 முதல் பல தொடர்களாக வளர்ந்து வந்தது. அவை ஒன்றையும் அறியாத பிள்ளைகளை மனத்தில் வைத்தே ப்ராடிஜி எழுதப்பட்டது. கப்பலில் ஏறும் இளையவர்களுக்கும் கூட்டமைப்பு (பல கோள்களின் ஒன்றியம்) என்றால் என்ன, விண்படை (அதன் கப்பல்படை) என்றால் என்ன என்று எதுவும் தெரியாது. அவர்கள் கற்றுக்கொள்ளும்போது நாமும் கற்றுக்கொள்கிறோம்.

ஒன்றை மட்டும் அறிந்திருந்தால் கூடுதல் சுவை கிடைக்கும். 1995 முதல் 2001 வரை வந்த ‘வாயேஜர்’ தொடரில் ஜேன்வே ஒரு கப்பல் தலைவி. வீட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ஒளியாண்டுத் தொலைவில் வீசப்பட்ட கப்பலை அவர் திரும்பக் கொண்டுவருகிறார். அன்று அந்த வேடத்தில் நடித்த கேட் மல்க்ரூதான் இன்று ஒளியுரு ஜேன்வேக்குக் குரல் கொடுக்கிறார். தொலைந்துபோன பிள்ளைகளுக்கு வழிகாட்ட, தொலைந்துபோய்த் திரும்பிய ஒருவரை அமர்த்தியது மிகப் பொருத்தமான தேர்வு என்பது என் கருத்து.

ராக்குங்கது ஆணா பெண்ணா? உடம்பு ஒண்ணு, குரல் ஒண்ணு மாதிரி இருக்கே?

ராக்-டாக் எட்டு வயதுச் சிறுமி. பிரிகார் என்னும் பாறை உடல் இனத்தைச் சேர்ந்தவள். முதல் அத்தியாயத்தில் அவளுடைய உறுமலை மட்டுமே கேட்டு, அவளைக் கொடிய விலங்கு என்று எண்ணிவிடுகிறோம். மொழிபெயர்ப்புக் கருவி இயங்கத் தொடங்கியதும் அந்தப் பெரிய உடலிலிருந்து ஒரு குழந்தையின் குரல் வருகிறது. இந்த எட்டாவது அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு காட்சியின் தொடர்ச்சி என்றே சொல்வேன். காரணத்தைக் கீழே ஓர் அம்மா கேட்ட கேள்விக்கான விடையில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

ஒரே ஜெயிலில இருந்தவங்க ஏன் ஒருத்தருக்கொருத்தர் பேசாம இருந்தாங்க?

பேச முடியாதபடி வைத்திருந்தார்கள். டார்ஸ் லமோராவில் கைதிகள் பல இனத்தவர், பல மொழியினர். மொழிபெயர்ப்புக் கருவி அங்கே யாருக்கும் அனுமதிக்கப்படவில்லை. ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாவிட்டால் அவர்கள் ஒன்று சேர மாட்டார்கள் என்பது சிறை அதிபதியின் கணக்கு. பல மொழிகள் அறிந்த குவின் மட்டுமே எல்லாரிடமும் பேசக்கூடியவளாக இருந்தாள்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் அதிகம் பாடுபடவில்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவை. இன்றும் களியக்காவிளைச் சந்தையில் ஒரே பேச்சில் தமிழும் மலையாளமும் மாறி மாறி வரும். மொழி புரிகிற இடத்தில் வியாபாரமும் நட்பும் சண்டையும் சமாதானமும் எப்படி எளிதாகின்றன என்று அவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள்.

‘டைம் அமோக்’குன்னா என்ன அர்த்தம்?

‘கட்டுமீறிய காலம்’ என்று சொல்லலாம். ‘அமோக்’ என்பது மலாய் மொழியின் ‘அமுக்’ என்னும் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. வெறிகொண்டு கட்டுக்கடங்காமல் தாக்குவதைக் குறிக்கும். 1967இல் வந்த மூலத் தொடரின் புகழ்பெற்ற ‘அமோக் டைம்’ அத்தியாயத்தின் தலைப்பை முன்பின்னாகப் புரட்டி இதற்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு கதைகளுக்கும் வேறு தொடர்பு எதையும் தேட வேண்டாம்.

தொடக்கத்தில வாறது நம்ம புலி, ஆடு, புல்லுக்கட்டு விடுகதைதானே?

அதேதான். அங்கே நரி, கோழி, தானியம். இங்கே புலி, ஆடு, புல்லுக்கட்டு. ஐரோப்பாவில் ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட ஒரு புதிர்த் தொகுப்பில் இதுவே ஓநாய், ஆடு, முட்டைக்கோசு என்று இருக்கிறது. படகில் ஓட்டுபவரோடு ஒன்றை மட்டுமே ஏற்றலாம். தனியே விட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். முதலில் ஆட்டை அக்கரை சேர்த்துவிட்டு வெறும் படகோடு திரும்ப வேண்டும். அடுத்து புலியைக் கொண்டுபோய் விட்டு, ஆட்டைத் திரும்ப ஏற்றி வர வேண்டும். பிறகு ஆட்டை இக்கரையில் இறக்கிவிட்டுப் புல்லுக்கட்டைக் கொண்டுபோக வேண்டும். கடைசியில் திரும்பி வந்து ஆட்டை அழைத்துச் செல்ல வேண்டும். மொத்தம் ஏழு கடத்தல்கள்.

இதில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: கொண்டுபோய்ச் சேர்த்த ஆட்டைத் திரும்பக் கொண்டுவர யாருக்கும் மனம் வருவதில்லை. கப்பலில் இருக்கும் பிள்ளைகளோ அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே ஒருவரையொருவர் குறைசொல்லித் தோற்றுவிடுகிறார்கள். அவர்களை ஒன்றுசேர்க்க ஜேன்வே கொடுத்த பயிற்சி அது. இந்தக் காட்சியைச் சிரிப்புக்காகச் சேர்த்தது என்று நம்மில் சிலர் ஒதுக்கினார்கள், நான் ஒப்பவில்லை. எல்லாரையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வைக்க முடியாத நிலையில் ஒரு வேலையை எப்படி முடிப்பது என்பதுதான் புதிரின் சிக்கல், அத்தியாயத்தின் சிக்கலும் அதுவே.

எனக்கொரு சம்சயம். கப்பல் ஒண்ணு, எல்லாரும் அதுக்குள்ளதான் நிக்காங்க. பின்ன ஏன் ஒருத்தர ஒருத்தர் காணல?

டாக்கியான் புயல் ஒன்றில் கப்பல் சிக்கியதும், கப்பலின் காலம் பல இழைகளாகப் பிரிந்துவிடுகிறது என்பது கதை. இடம் ஒன்றே, காலம் வேறுவேறு. ஜாங்கம் நிற்கும் எந்திர அறையும் ராக் நிற்கும் எந்திர அறையும் ஒரே அறைதான், ஆனால் ஒவ்வோர் இழையிலும் காலம் ஓடும் வேகம் வேறு. ஒரே தண்டவாளத்தில் வேறுவேறு வேகத்தில் போகும் தொடர்வண்டிகள் போல என்று ஒரு பையன் சொன்னான். அதைவிட, நான்கு இழை கொண்ட கயிற்றின் முறுக்கு அவிழ்ந்துவிட்டது என்று நினைத்துப் பாருங்கள்: கயிறு ஒன்றுதான், ஆனால் ஓர் இழையில் ஊரும் எறும்பு அடுத்த இழையில் இருப்பதைத் தொட முடியாது. அந்த இழைகளைத் திரும்ப முறுக்கிக் கயிறாக்கும் வேலைதான் மீதிக் கதை.

ஜாங்கமுக்குத்தான் நேரம் வேகமா ஓடுதுன்னு சொல்லுதாங்க. அப்போ அவனுக்கு நேரம் கூடத்தானே கிடைக்கணும்? அவனுக்குத்தான் கொறச்சலா இருக்கு!

இந்த ஒரு கேள்விதான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. கேட்டது பத்தாம் வகுப்புப் பெண். அவள் சொன்னது சரி. ஒரே நிகழ்வை நோக்கி இருவர் காத்திருக்கும்போது, யாருடைய கடிகாரம் வேகமாக ஓடுகிறதோ அவருக்குத்தான் அதிக நொடிகள் கிடைக்கும். அவர் அதிக வேலையும் செய்யலாம். இயற்பியலில் ‘காலம் வேகமாக ஓடுகிறது’ என்றால் பொருள் அதுவே.

கதையில் அந்தச் சொல் கடிகாரத்தைக் குறிக்கவில்லை, ஆபத்தைக் குறிக்கிறது. கப்பலின் எந்திரம் நிலைகுலைந்து வெடிக்கப் போகிறது. ஜாங்கமின் இழையில் அந்த வெடிப்பு சில நிமிடங்களில் வந்துவிடும், ராக்கின் இழையில் அதே வெடிப்பு ஆமை வேகத்தில் நெருங்குகிறது, அதனால் அவள் நெடுங்காலம் தன்னந்தனியாக இருக்க நேர்கிறது. ஆகையால் ‘வேகமான இழை’ என்பதை ‘அழிவு விரைவாக வரும் இழை’ என்று படித்தால் குழப்பம் தீரும். கணக்கு வேண்டுவோருக்கு ஓர் எடுத்துக்காட்டு: ஒருவருக்குப் பத்து நிமிடமும் இன்னொருவருக்கு ஓர் ஆண்டும் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு இழைகளுக்கும் உள்ள விகிதம் 1:52,560. அந்தப் பெண் இதைத் தாளில் வகுத்துச் சரிபார்த்த பிறகே சமாதானம் ஆனாள்.

அப்போ ஜேன்வே மட்டும் எப்படி எல்லாருகிட்டயும் பேசுதாங்க?

அவருக்கு உடல் இல்லை என்பதே காரணம். அவர் கப்பலின் கணினியில் வாழும் ஒளியுரு. கதையின் விதிப்படி அவரால் ஓர் இழையிலிருந்து இன்னோர் இழைக்குப் போகவும், ஓரிடத்தில் கேட்டதை மற்றோரிடத்தில் சொல்லவும் முடிகிறது. மேலே சொன்ன புதிரில் படகோட்டியின் இடம் அவருக்கு. அந்தப் படகும் பாதுகாப்பானது அல்ல என்பது ட்ரெட்னாக் வந்த பிறகுதான் தெரிகிறது.

ட்ரெட்னாக் எந்தக் கப்பலில வந்து ஏறினான்? கதவு தொறந்ததே பாக்கலியே!

ஏறவில்லை. ப்ரோடோஸ்டாரில் வாகனங்களை அச்சிட்டதுபோல் உருவாக்கித் தரும் எந்திரம் ஒன்று உண்டு. ட்ரெட்னாக்கின் வடிவமைப்பைக் கப்பலுக்குள் செலுத்தியதும், அந்த எந்திரமே அவனைச் செய்து வெளியே விடுகிறது. நாகர்கோவிலில் இருக்கும் ஓர் அச்சகத்துக்குத் திருமண அழைப்பிதழின் கோப்பை துபாயிலிருந்து அனுப்பினால் அட்டை இங்கே அச்சாகி வருவதில்லையா, அதுபோல. அவனைக் குவின் தனியாக எதிர்கொள்கிறாள். தன் தந்தை அனுப்பிய ஒன்றோடு தானே மோத வேண்டிய நிலை அவளுக்கு இது முதல் முறையன்று, ஆனாலும் துணை இல்லாமல் மோதுவது இங்கேதான்.

டாக்கியான் புயல்னு உள்ளதா ஒண்ணு உண்டா?

புயல் கற்பனை. டாக்கியான் என்பது அறிவியலாளர்கள் உண்மையிலேயே பேசிய ஒரு கருத்து. ஆனால் அப்படி ஒரு துகள் இருப்பதற்குச் சான்று கிடைத்ததில்லை. ஒளியைவிட எப்போதும் வேகமாகவே செல்லும் துகள் இருக்க முடியுமா என்ற கேள்வியை 1962இல் இரு சக அறிஞர்களோடு சேர்ந்து எழுப்பியவர் ஈ. சி. ஜி. சுதர்சன். கோட்டயம் மாவட்டத்தில் பள்ளம் என்னும் ஊரில் பிறந்தவர். ‘டாக்கியான்’ என்ற பெயரை 1967இல் ஜெரால்டு ஃபைன்பெர்க் சூட்டினார். ‘வேகமான’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது.

நம் பக்கத்து மண்ணில் பிறந்த ஒருவரின் சிந்தனை, அமெரிக்கத் தொடர் ஒன்றில் கப்பலை உடைக்கும் புயலாக நம் படிப்பகத் திரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று சொன்னபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் அன்று மிகுந்த மகிழ்ச்சி.

ஆளுக்கு ஆள் நேரம் மாறும்ங்கது உள்ளதா, வெறும் கதையா?

உள்ளதுதான், ஆனால் அளவு மிக மிகச் சிறியது. ஈர்ப்பு குறைவான இடத்தில் கடிகாரம் சற்று வேகமாக ஓடும். வேகமாக நகரும் கடிகாரம் சற்று மெதுவாக ஓடும். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், உயரத்தால் நாளுக்கு 45 மைக்ரோநொடி முந்துகின்றன. வேகத்தால் 7 மைக்ரோநொடி பிந்துகின்றன. மீதி 38 மைக்ரோநொடியைத் திருத்தாமல் விட்டால், இருப்பிடக் கணக்கில் நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பிழை சேரும். குளச்சலிலிருந்து போகும் விசைப்படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி கரையைச் சரியாகக் காட்டுவதற்குப் பின்னால் இந்தத் திருத்தம் இருக்கிறது.

இன்னும் அருகில் வேண்டுமானால், குமரிமுனைக் கடலில் நிற்கும் வள்ளுவர் சிலையைப் பாருங்கள். பீடத்தோடு சேர்த்து 133 அடி. பீடத்தின் அடியில் ஒரு கடிகாரத்தையும் தலை உச்சியில் ஒரு கடிகாரத்தையும் வைத்தால், ஓர் ஆண்டில் மேலே உள்ளது ஒரு நொடியின் கோடியில் ஏறத்தாழ 1.4 பங்கு முந்தியிருக்கும். இவ்வளவு சிறிய வேறுபாட்டை அளக்க முடியுமா என்றால், முடியும்: 33 சென்டிமீட்டர் உயர வேறுபாட்டிலேயே இதை 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். ஆக, கதை பொய் சொன்னது காலம் மாறும் என்பதில் அல்ல. ஒரு கப்பலின் அளவுக்குள், பத்து நிமிடத்துக்கு ஓர் ஆண்டு என்ற அளவில் மாறும் என்பது மட்டுமே கற்பனை.

எங்க அப்பா தூத்தூர்ல இருந்து போட்டுல போனா நாப்பது நாளாவும் வர. எங்களுக்கு அது ஒரு வருஷம் மாதிரி. அதும் இதும் ஒண்ணுதானா?

ஒன்றல்ல, மகளே. ஆழ்கடலில் இருக்கும் அப்பாவுக்கும் கரையில் இருக்கும் உனக்கும் கடிகாரம் ஒரே மாதிரிதான் ஓடுகிறது. நாற்பது நாள் இருவருக்கும் நாற்பது நாளே. நீளமாகத் தோன்றுவது மனத்தின் கணக்கு. ராக்குக்கு நடந்ததோ உண்மையிலேயே காலம் நீண்டது.

என்றாலும் இந்தக் கேள்வியைப் பிழையான கேள்வி என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. ராக் தனியாக இருக்கும் காட்சிகள் ஓடியபோது அரங்கில் மிகவும் அமைதியாக இருந்தவர்கள், அப்பாவைக் கடலுக்கோ வளைகுடாவுக்கோ அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு அந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கப்பலுக்குள்ள ஒரு நட்சத்திரத்தையே வச்சிருக்காங்களே, அதெல்லாம் முடியுமா? மகேந்திரகிரியில செய்யது மாதிரியா?

ப்ரோடோஸ்டார் என்ற சொல்லுக்கு ‘முன்விண்மீன்’ என்று பொருள். வாயுவும் தூசியும் ஈர்ப்பால் சுருங்கிச் சூடாகி, நடுவில் அணுக்கரு இணைவு தொடங்குவதற்கு முந்தைய நிலையில் இருக்கும் விண்மீன் அது. அப்படி ஒன்றைக் கப்பலின் எந்திர அறையில் அடைத்து வைத்திருப்பதாகக் கதை சொல்கிறது. நம் சூரியனின் நிறை பூமியைப்போல் 3,33,000 மடங்கு. அதில் நூறில் ஒரு பங்கைக்கூட ஒரு கப்பலில் ஏற்ற முடியாது. இது முழுக் கற்பனை.

நம் மாவட்ட எல்லையைத் தாண்டியதும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும் மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிப்பது திரவ எரிபொருள் எந்திரங்களையும் கடுங்குளிர் எந்திரங்களையும். அங்கே கையாளும் திரவ ஹைட்ரஜன் சுழியத்துக்குக் கீழே 253 டிகிரி செல்சியஸில் இருக்கும், திரவ ஆக்ஸிஜன் 183 டிகிரி கீழே. கதையில் வெப்பத்தை அடைத்து வைப்பது சவால், மகேந்திரகிரியில் குளிரை அடைத்து வைப்பது சவால். இஸ்ரோவின் தலைவர்களாக வந்த கே. சிவனும் வி. நாராயணனும் இந்த மாவட்டத்துக் கிராமப் பிள்ளைகள் என்பதையும், நாராயணன் கடுங்குளிர் எந்திரத் துறையிலேயே உழைத்தவர் என்பதையும் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் சொல்லிவருகிறேன்.

மக்களே, எட்டு வயசுப் பிள்ளைய இப்படித் தனியா விட்டுக் கஷ்டப்படுத்தினது சரியா? என் பேத்தி ராத்திரி அழுதா.

இதைக் கேட்ட அம்மா படிப்பகத்துக்கே நேரில் வந்தார். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் பார்க்கும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்பதை நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அது என் தவறு. அடுத்த வாரத்திலிருந்து சொல்லிவிடுகிறேன்.

காட்சியைப் பொறுத்தவரை நான் கதாசிரியர்களின் பக்கம் நிற்கிறேன். இதற்கு முந்தைய அத்தியாயங்களில் எல்லாரும் ராக்கின் உடலைப் பார்த்தே அவளுக்கு வேலை கொடுத்தார்கள்: பெரிய உடல், ஆகவே காவல் வேலை. அவளுக்கோ அது பிடிக்கவில்லை. சிறையில் அவளை விலங்கு என்று எண்ணியவர்களுக்கும், கப்பலில் அவளைக் காவலாளி என்று எண்ணியவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இந்த அத்தியாயத்தில் அவளுடைய பலத்தால் தீர்க்கக்கூடிய சிக்கல் ஒன்றுகூட அவள்முன் வைக்கப்படவில்லை. தூக்க வேண்டியது எதுவும் இல்லை, அடிக்க வேண்டியவர் யாரும் இல்லை. புரிந்துகொள்ள வேண்டியது மட்டும் மலைபோல் இருக்கிறது.

யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. உனக்கு இது வராது என்று சொல்லவும் யாரும் அங்கு இல்லை. அழுகிறாள், பிறகு உட்கார்ந்து படிக்கிறாள், தவறு செய்கிறாள், திரும்பவும் படிக்கிறாள். ‘கணக்கு உனக்கு ஏறாது’ என்று மூன்றாம் வகுப்பிலேயே சொல்லப்பட்ட பிள்ளைகள் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்களுக்குக் குறைவாக இருந்தது அறிவா, அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரமா என்று இந்த அத்தியாயம் கேட்பதாக நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பேத்தி அழுதது பயத்தால் அல்ல, ராக்குக்காக என்று பிறகு அந்த அம்மாவே வந்து சொன்னார்.

செரி, ஒருத்தி தன்னந்தனியா எஞ்சினியரிங் படிச்சிட்டான்னு சொல்லுதது நம்பும்படியா இருக்கா? மத்தவங்க செய்ததெல்லாம் வீணா?

தனியாகப் படித்தாள், ஆனால் சுழியத்திலிருந்து தொடங்கவில்லை. சில நிமிடம் மட்டுமே இருந்த ஜாங்கம், செய்ய வேண்டியது என்ன என்று கண்டுபிடித்தான். கட்டி முடிக்க அவனுக்கு நேரமில்லை. டாலுக்கு எந்திர வேலை தெரியாது. ஆனாலும் ஜேன்வேயின் துணையோடு திணறித் திணறித் தன் பங்கைச் செய்தான். கடைசியாக வேலை வந்து சேர்ந்த இடம் ராக். ஒருவரிடம் தெளிவு இருந்தது, நேரம் இல்லை. இன்னொருவரிடம் நேரம் இருந்தது, தெளிவு இல்லை. இரண்டும் கைமாறியதால்தான் கப்பல் பிழைத்தது. ஆட்டைத் திரும்பக் கொண்டுவரும் அந்த ஒரு கடத்தல், பார்க்க வீண் போலத் தெரிந்தாலும் அது இல்லாமல் யாரும் கரை சேர முடியாது என்று புதிர் பற்றிய விடையில் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

என் குறை ஒன்று உண்டு. ராக் படிக்கும் காலத்தைச் சில காட்சிகளில் ஓட்டிவிடுகிறார்கள். அவள் எந்த இடத்தில் தடுமாறினாள், எதைத் தவறாகப் புரிந்துகொண்டாள் என்று இன்னும் நான்கு நிமிடம் காட்டியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அரை மணி நேரத்துக்கும் குறைவான அத்தியாயத்தில் ட்ரெட்னாக்கின் சண்டைக்குக் கொடுத்த நேரத்தை நான் ராக்குக்குக் கொடுத்திருப்பேன். சண்டைதான் நல்லா இருந்தது என்று சொல்லும் பையன்களோடு இதில் எனக்கு இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

காலம் எல்லாம் திரும்பச் சேர்ந்த பிறகு ராக் படிச்சது அவளுக்கு மறந்து போவுமா?

மறக்காது. இழைகள் சேர்ந்தபோது அழிந்தது அவர்களுக்கு இடையே இருந்த பிரிவு மட்டுமே; அவரவர் வாழ்ந்த காலம் அவரவரிடம் இருக்கிறது. அதனால்தான் மற்றவர்களுக்குச் சற்றுமுன் பார்த்த ராக், ராக்குக்கோ நெடுநாள் கழித்துப் பார்க்கும் நண்பர்கள். அவள் அவர்களைக் கட்டிப்பிடிக்கும்போது அவர்கள் திகைப்பதன் காரணமும் இதுவே. அறிவியலில் அவளுக்கு ஏற்பட்ட ஆர்வம் பின்வரும் அத்தியாயங்களிலும் தொடர்கிறது. எப்படி என்பதை நீங்களே பாருங்கள்.

இன்னும் எத்தனை பாக்கி இருக்கு? பாதியில நிறுத்திட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே?

இரண்டு பருவங்கள், பருவத்துக்கு 20 வீதம் மொத்தம் 40 அத்தியாயங்கள். முதல் பருவத்தை வெளியிட்ட பாரமவுண்ட் பிளஸ், 2023 ஜூனில் தொடரைக் கைவிட்டது. இரண்டாம் பருவம் வேறு இடத்தில் வெளிவர வேண்டும் என்று ரசிகர்கள் கையெழுத்து திரட்டினார்கள்; பின்னர் நெட்ஃபிளிக்ஸ் அதை எடுத்து 2024 ஜூலை 1 அன்று 20 அத்தியாயங்களையும் ஒருசேர வெளியிட்டது. ஆகவே பாதியில் நிற்கும் கவலை நமக்கு இல்லை.

ஒன்பதாவதும் பத்தாவதும் ஒரே கதையின் இரு பகுதிகள் என்பதால், வரும் ஞாயிறு இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம். வழக்கமான ஆறு மணிக்குப் பதிலாக ஐந்து மணிக்கே தொடங்கும். சிறிய குழந்தைகளோடு பெரியவர் ஒருவர் வர வேண்டும். டார்ஸ் லமோரா திரும்ப வருகிறது, முதல் அத்தியாயத்தைப் பார்க்காதவர்கள் அதற்கு முன் பார்த்துவிட்டு வாருங்கள்.